எபிரேயத் திருப்பெயர்களும் தமிழ் விவிலியச் சொல்லாட்சியும்

ஐதராபாத்தின் வடபால், சிகந்தராபாத் படைமுகாமை அடுத்துள்ள லோத்குண்டா போன்ற பகுதிகளில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. அங்கு இரு மொழித் திருமறைகளையும் ஒப்பிட்டுப் படிப்பார் எவர்க்கும் ஒரு வேறுபாடு உடனே புலப்படும். இருபத்துமூன்றாம் சங்கீதத்தின் முதற்சொல், சீர்திருத்தச் சபையினர் வழங்கும் தெலுங்கு மொழிபெயர்ப்பில் ‘யெஹோவா’, தமிழிலோ ‘கர்த்தர்’. மலையாளப் பழைய பதிப்பும் கன்னடப் பழைய பதிப்பும் தெலுங்கைப் போலவே பெயரை அவ்வாறே எழுதுகின்றன. தென்னக மொழிகள் நான்கனுள் தமிழ் மட்டும் ஒரு பெயரைப் பெயராக வழங்காது பட்டமாக மாற்றியது ஏன் என்பது மொழிபெயர்ப்பு வரலாற்றில் எழும் நியாயமான வினாவாகும். அதற்கு விடை காண எபிரேயச் சொற்களின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

எபிரேய மறைநூலில் இறைவனைக் குறிக்கும் சொற்களை மூவகையாகக் கொள்ளலாம். ‘ஏல்’, ‘எலோவா’, ‘எலோகீம்’ என்பன ‘தெய்வம்’ என்னும் பொருளுடைய பொதுப்பெயர்கள். ‘அதோனாய்’ என்பது ‘என் தலைவர்’ எனப் பொருள்தரும் மதிப்புச் சொல். நான்கு மெய்யெழுத்துகளால் அமைந்த ‘யஹ்வஹ்’ ஒன்றே சிறப்புப்பெயர். அது எபிரேய மறைநூலில் ஏறத்தாழ 6,800 இடங்களில் வருகின்றது. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த மோவாபிய மன்னன் மேசாவின் கல்வெட்டிலும், 1935இல் கண்டெடுக்கப்பட்ட இலாகீசு ஓட்டெழுத்து மடல்களிலும் இப்பெயர் பொறிக்கப்பட்டிருத்தலால், அது ஒருகாலத்தில் மக்கள் வழக்கில் இயல்பாக ஒலித்த பெயரே என்பது தெளிவு. பின்னரே அதனை ஒலித்தல் தகாது என்னும் மரபு வலுப்பெற்றது. படிப்போர் அவ்விடத்தில் ‘அதோனாய்’ என்று மாற்றி ஒலித்தனர். சாக்கடல் ஓரம் கிடைத்த சுருள்கள் சிலவற்றில் ஏனைய எழுத்துகள் புதிய சதுர வடிவிலிருக்க, இந்நான்கு எழுத்துகள் மட்டும் பண்டை வடிவில் வரையப்பட்டுள்ளன. தமிழ்க் கல்வெட்டுகளில் மங்கலச் சொல்லைக் கிரந்தத்தில் பொறித்துவிட்டுச் செய்தியைத் தமிழெழுத்தில் தொடரும் வழக்கினை அறிந்தார்க்கு இது வியப்பளிக்காது.

பின்வந்த மசோரெத்தியர் மெய்யெழுத்துகளுக்கு உயிர்க்குறி இட்டபோது, இந்நான்கெழுத்தின்மேல் ‘அதோனாய்’ என்பதன் உயிர்க்குறிகளையே இட்டனர். ‘இவ்வாறு ஒலிக்க’ என்னும் குறிப்பாக இடப்பட்டதனை அறியாத ஐரோப்பியர் இரண்டையும் கூட்டி ‘யெகோவா’ என ஒலித்தனர். எனவே தெலுங்கு காத்துவைத்த வடிவமும் மூலப்பெயரன்று; ஒன்றன் மெய்யும் மற்றொன்றன் உயிரும் புணர்ந்த கலப்பு வடிவமே. ‘யாவே’ என்பதே மூல ஒலிப்புக்கு நெருங்கியது என்பர் இக்கால அறிஞர்.

கிரேக்க மொழிபெயர்ப்பு இப்பெயருக்குத் ‘தலைவர்’ எனப் பொருள்படும் ‘கூரியோஸ்’ என்பதனையும், இலத்தீன் ‘தோமினுஸ்’ என்பதனையும் வழங்கின. லூத்தரின் செருமானிய மொழிபெயர்ப்பும் பட்டத்தையே கொண்டது. தமிழில் முதன்முதல் விவிலியத்தை மொழிபெயர்த்து அச்சிட்டோர் தரங்கம்பாடியின் லூத்தரன் குருமார்களே. 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714–15இல் அச்சேறியது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை அவர் பெயர்த்திருந்தார். எஞ்சியவற்றை முடித்த சூல்ட்சே 1728இல் அச்சுப்பணியை நிறைவுசெய்தார். தெலுங்குத் திருமறை முழுமையாக அச்சேறியதோ பத்தொன்பதாம் நூற்றாண்டில், இலண்டன் மிஷன் சார்ந்தோர் முயற்சியால். அக்காலத்து ஆங்கிலப் பத்தி இலக்கியத்தில் ‘யெகோவா’ பெருவழக்காயிருந்தது. நூற்றாண்டு இடைவெளியும் மூலமரபு வேறுபாடுமே இவ்விரு மொழிகளைப் பிரித்தன எனக் கருத இடமுண்டு. சூல்ட்சே தெலுங்கிலும் விவிலியத்தைப் பெயர்த்தார். அஃது அச்சேறியிருப்பின் தெலுங்கின் வழக்கும் வேறாயிருந்திருக்கலாம்.

பொதுப்பெயர்க்குரிய தமிழ்ச்சொல்லைத் தேர்வதில்தான் பெரும் பூசல் நிகழ்ந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தன் தலைப்பிலேயே சைவ மடங்கள் அறிந்த சொல்லைக் கொண்டுள்ளது. தத்துவ போதகரும் அவர்க்குப் பின் வீரமாமுனிவரும் உரைநடையில் ‘சர்வேசுரன்’ என்றனர். சீகன்பால்கும் அதனையே ஏற்றார். பப்பிரிசியசு அதனை நீக்கிப் ‘பராபரன்’ என்பதனைக் கொண்டார். அவர்தம் புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. தாயுமானவரின் பராபரக்கண்ணி தோன்றியதும் அந்நூற்றாண்டிலேயே என்பதனை நினைவுகூர்ந்தால், இச்சொல்லின் மணம் எத்தகையது என்பது விளங்கும். 1850இல் வெளிவந்த, பெர்சிவல் பாதிரியாருடன் ஆறுமுக நாவலரும் உழைத்த யாழ்ப்பாணத் தற்காலிகப் பதிப்பு ‘தேவன்’ என்றது. போவர் குழுவினரின் 1871ஆம் ஆண்டுப் பதிப்பும் அதனை உறுதிப்படுத்தியது.

‘பராபரன்’ கைவிடப்பட்டமைக்குச் சமயக் காரணம் மட்டும் போதாது. இலக்கணக் காரணமும் உண்டென்பது இக்கட்டுரையாளர் கருத்து. ‘எலோகீம்’ இசுரயேலின் இறைவனையும் பிறர் வணங்கும் தெய்வங்களையும் ஒருங்கே குறிக்கும் சொல். ‘பராபரர்கள்’ எனப் பன்மையாக்கின் பொருளே கெடும். ‘தேவர்கள்’ என்பது இயல்பாக அமையும். ஆயின் இந்திரன் முதலாய விண்ணோரைக் குறித்த சொல்லை முழுமுதற்கு ஆக்குதல் தகுமோ என்னும் ஐயம் எளிதில் அடங்கவில்லை. லூத்தரன் திருச்சபையார் 1871க்குப் பின்னும் நெடுங்காலம் பப்பிரிசியசின் பதிப்பையே போற்றினர். அதற்கு முன்னரே, இரேனியசின் திருத்தங்களைத் தஞ்சை வேதநாயக சாத்திரியார் கடுமையாக எதிர்த்தார். நாவிற் பழகிய வேதச்சொல்லை மாற்றுதல் வழிபாட்டையே மாற்றுதலாகும் என்று அஞ்சிய ஒரு தலைமுறையின் குரல் அது. அதனைப் பழமைப்பற்று என ஒதுக்கிவிடல் இயலாது.

‘எலோகீம்’ வடிவால் பன்மை. ஆயின் இசுரயேலின் இறைவனைக் குறிக்குங்கால் பெரும்பான்மையும் ஒருமை வினையே கொள்ளும். தமிழ்த் திருமறையிலோ ‘தேவன்’ என்னும் எழுவாய் ஒருமை ஈறு பெற்றிருக்க, வினைமுற்று ‘-ஆர்’ ஈறு பெற்று உயர்வுப் பன்மையாகிறது. எபிரேயம் பெயரில் வைத்த பன்மையைத் தமிழ் வினையில் வைத்தது. ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கில் வரும் உயர்சொல்லேயன்றி இலக்கண நெறியன்று எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வரையறுத்தது இவ்விடத்துப் பொருந்துகிறது. மொழிபெயர்த்தோர் இதனை எண்ணிச் செய்தனர் எனற்குச் சான்றில்லை. தமிழின் இயல்பு தானே அவ்வாறு இயக்கிற்று.

‘கர்த்தர்’ என்னும் சொல்லின் நிலை இன்னும் நுட்பமானது. வடமொழிக் ‘கர்த்தா’ செய்பவன் எனப் பொருள்படும். இலக்கண நூலார் அதனை வினைமுதல் என்பர். மதுரை நாயக்க மன்னரை வரலாற்றுச் சுவடிகள் ‘கர்த்தாக்கள்’ என்று குறிக்கும். ஆட்சியும் ஆக்கமும் அச்சொல்லில் ஒருங்கே ஒலிக்கின்றன. யாத்திராகமம் மூன்றாம் அதிகாரம் இத்திருப்பெயரை ‘இருத்தல்’ என்னும் வினையோடு இணைக்கிறது. ‘இருக்கச் செய்பவர்’ என்னும் பிறவினைப் பொருளே மூலப்பொருள் என ஆல்பிரைட் முதலானோர் வாதிட்டனர். அக்கருத்து உறுதிப்பட்டதன்று. உறுதிப்படின், ‘கர்த்தர்’ தற்செயலாகவே மூலத்தை நெருங்கிய சொல்லாகும்.

அவ்வதிகாரத்தில் வரும் ‘எகியே’ என்னும் வினைவடிவம் நிகழ்காலத்திற்கும் எதிர்காலத்திற்கும் பொதுவானது. 1871ஆம் ஆண்டுப் பதிப்பு நிகழ்காலமாக ‘இருக்கிறேன்’ என்றது. எனினும் தமிழில் எதிர்கால இடைநிலை, வரவிருப்பதனை மட்டுமன்றி இயல்பாக என்றும் நிகழ்வதனையும் உணர்த்தும். ‘கதிரவன் கிழக்கே உதிப்பான்’ என்பது நாளைய செய்தி மட்டுமன்று. ஆதலின் ‘இருப்பேன்’ என்றிருந்தால், ‘உன்னோடு இருப்பேன்’ என மோசேக்கு அளிக்கப்படும் உறுதிமொழியோடு இத்திருப்பெயர் கொண்டுள்ள தொடர்பும் புலப்பட்டிருக்கும்.

போவர் குழுவினர் பெயரை முற்றிலும் விலக்கினர் என்பதும் பிழை. யாத்திராகமம் 6:3, சங்கீதம் 83:18, ஏசாயா 12:2, 26:4 ஆகிய இடங்களில் ‘யேகோவா’ உள்ளது. 1611ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்பில் அப்பெயர் தனித்து நிற்கும் இடங்களும் இவை நான்கே. எபிரேயத்திலிருந்து பெயர்த்தும், எங்குப் பெயரை வெளிப்படுத்துவது என்பதில் ஆங்கிலமே அளவுகோலாயிற்று என்பதற்கு இதனினும் தெளிவான அகச்சான்று வேண்டா. ஆயினும் ஓரிடத்தில் தமிழ் ஆங்கிலத்தை விஞ்சியது. திருப்பெயரையும் ‘அதோனாய்’ என்பதனையும் வேறுபடுத்த ஆங்கிலம் பெரிய எழுத்துகளை நாடிற்று. பெரிய எழுத்தில்லாத தமிழ் ‘கர்த்தர்’, ‘ஆண்டவர்’ என இரு சொற்களை வகுத்துக்கொண்டது. செவியால் மட்டும் கேட்பாரும் வேறுபாட்டை உணரலாம்.

‘சத்தாய்’ என்னும் பெயர் இதற்கு மாறானது. 48 இடங்களில் வரும் அது, 31 இடங்களில் யோபு நூலிலேயே வருகிறது. ‘மலை’ எனப் பொருள்தரும் அக்காதியச் சொல், ‘தாய்முலை’ எனப் பொருள்தரும் எபிரேயச் சொல், ‘அழித்தல்’ என்னும் வினை என மூவேறு வேர்கள் அதற்குக் கூறப்படுகின்றன. தமிழ் வழங்கும் ‘சர்வவல்லவர்’ இம்மூன்றனுள் எதனையும் தழுவாது, இலத்தீனின் ‘ஓம்னிபோதென்சு’ வழியே வந்தது. குன்றுதோறாடும் முருகனையும், தாயுமானவன் எனச் சிவனையும் போற்றிய மொழிக்கு அவற்றுள் முதலிரண்டும் அயன்மையாயிருந்திரா.

1995ஆம் ஆண்டுத் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, எலோகீமுக்குக் ‘கடவுள்’ என்பதனையும் திருப்பெயருக்கு ‘ஆண்டவர்’ என்பதனையும் வழங்கியது. முன்னர் ‘அதோனாய்’ என்பதற்குரியதாயிருந்த ‘ஆண்டவர்’ திருப்பெயரின் இடத்திற்கு ஏறவே, ‘அதோனாய்’ ‘தலைவர்’ ஆயிற்று. 2008இல் வத்திக்கான், வழிபாட்டில் அந்நான்கெழுத்துப் பெயரை ஒலித்தல் கூடாதென அறிவுறுத்தியபோது தமிழ்த் திருச்சபைக்கு மாற்றவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. லோத்குண்டாவில் தெலுங்குத் திருமறையை விரிப்பாரோ அப்பெயரை இன்றும் ஒலிக்கின்றனர்.