ரிங்லெட் தண்ணீர் பிரிக்பீல்ட்ஸுக்கு வரும் வழி

கேமரன் மலையின் தெலோம், பெர்த்தாம் ஆறுகள் தம் போக்கில் ஓடினால் பகாங் ஆற்றில் கலந்து தென்சீனக் கடலைத்தான் சேரும். 1963இல் அந்தப் போக்கை மாற்றினார்கள். தெலோம் நீரைச் சுரங்கம் வெட்டி பெர்த்தாமுக்குத் திருப்பி, ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை கட்டித் தேக்கினார்கள். தேங்கிய நீர் மலையைக் குடைந்து மேற்கே இறங்குகிறது. பேராக் பக்கத்தில் ஜோர் என்னுமிடத்தில், பூமிக்குள் இருக்கும் சுல்தான் யூசோப் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றுகிறது. அந்நிலையத்தின் திறன் 100 மெகாவாட்.

நீர் விழும் உயரம் ஐந்நூறு மீட்டருக்கும் மேல். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு யூனிட் கரண்டு பிறக்க ஏறத்தாழ முக்கால் டன் தண்ணீர் விழவேண்டும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன ஏர்கோன் ஒரு மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட அவ்வளவு கரண்டு தீர்ந்துவிடும்.

உயரழுத்தக் கம்பிகளில் ஏறியபின் அந்த யூனிட்டுக்குத் தனி அடையாளம் கிடையாது. நிலக்கரியும் எரிவாயுவும் தந்த கரண்டோடு கலந்தே அது கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வருகிறது. தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு அவை இரண்டும் தருவதுதான். ஆனால் நீர்மின்நிலையத்தைச் சில நிமிடங்களில் இயக்கிவிடலாம். அதனால், தேவை உச்சத்துக்கு ஏறும் வேளையில் அணைநீரைத்தான் நம்புகிறார்கள்.

அந்த அணையோ சேற்றால் தூர்ந்துவருகிறது. காய்கறித் தோட்டங்களுக்காகச் சரிவுகளை வெட்டிய மண் மழையோடு வந்து ரிங்லெட்டில் படிகிறது. சேறு பிடித்த இடத்தில் தண்ணீருக்கு இடமில்லை. 2013 அக்டோபரில் கனமழை இரவொன்றில் அணையைத் திறந்தபோது, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. மலையில் நடக்கும் இந்தச் சேதத்துக்கு நகரத்தில் கரண்டு செலவழிக்கும் நாமும் பொறுப்பு என்றே நான் நினைக்கிறேன்.

அமெரிக்காவில் மின்சாரத்தைச் சேமிக்கும் பொறுப்பை அதை வாங்கி விற்பவர்மேல் வைத்தார்கள். மேற்கு மாநிலங்களில் கூட்டரசு அணைகளின் மின்சாரத்தை நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்கும் மின்வாரியங்கள் சேமிப்புத் திட்டம் வகுத்து நடத்தியாக வேண்டும் என்று 1984இல் சட்டம் வந்தது. மலிவான ஆற்றுநீர் மின்சாரம் வேண்டுமா, அதை வீணாக்காமல் இருக்க வழி காட்டு என்பதே அதன் நியாயம்.

மலேசியாவில் 2025 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் அந்தப் பொறுப்பைப் பெரும் பயனீட்டாளரிடம் கேட்கிறது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூல் எரிசக்தியைத் தாண்டுபவர் எரிசக்தி நிர்வாகியை அமர்த்த வேண்டும். தணிக்கையும் செய்ய வேண்டும். மின்சாரமாகச் சொன்னால் அது 60 லட்சம் யூனிட். பேரங்காடிகளும் தொழிற்சாலைகளும் இதில் சிக்கும். பிரிக்பீல்ட்ஸின் பூக்கடையும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையும் அந்த எல்லையின் அருகில்கூட வராது. அவர்கள் ஏர்கோனோ குளிர்பெட்டியோ வாங்கப் போகும்போது, அதில் ஒட்டியிருக்கும் நட்சத்திர வில்லைதான் சேமிப்பைப் பற்றி அவர்களிடம் பேசுகிறது. ஐந்து நட்சத்திரப் பெட்டிக்கு விலை கூடுதல். சிறு கடைக்காரர் அதை வாங்க மின்வாரியம் கைகொடுக்க வேண்டும்; அதை நாம் கேட்டு வாங்க வேண்டும்.