பாண்டவர் வராத பாரதம்: ‘மாயா பஜார்’ பிறந்த கதை

மட்டக்களப்பு மாவட்டத்துச் செங்கலடியில் திரும்பிப் பதுளை வீதியில் மேற்கே போனால் கரடியனாறு வரும். இரு பக்கமும் வயல் வட்டைகள். ஊர்ப் பெயரிலேயே ஒரு கரடி. அந்தப் படுவான்கரைப் பக்கத்து வயதான மனிசி ஒருவரிடம் ‘மாயா பஜார்’ கதையைச் சொல்லிப் பாருங்கள்.

பலராமரின் மகள் வத்சலா. அவருடைய தங்கை சுபத்திரையின் மகன் அபிமன்யு. சிறு வயதிலேயே பேசி வைத்த சம்பந்தம். சூதாட்டத்தில் பாண்டவர் நாட்டைத் தோற்றதும் பலராமர் வீட்டில் பேச்சு மாறுகிறது. துரியோதனன் மகன் லட்சுமணனுக்குப் பெண்ணைக் கொடுக்க நாள் பார்க்கிறார்கள். இந்த இடத்தில் கிழவி உங்களை நிறுத்துவார்.

“முறை மச்சான் இரிக்கக்குள்ள, மறுகா ஆருக்கு மனே பொண்ணக் குடுக்கிற?”

தாய்வழிக் குடி பார்த்துச் சம்பந்தம் செய்யும் மண் அது. கடோத்கஜனின் மாயம், பறக்கும் லட்டு எல்லாம் அங்கே பிறகுதான். முதல் வழக்கு, வாக்குத் தவறிய தாய்மாமன் மீது. 1957 முதல் இந்தப் படத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். இதைவிடச் சுருக்கமாக யாரும் அதன் நெஞ்சைத் தொட்டதாகத் தெரியவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வியிலிருந்துதான் கதையே பிறந்திருக்கிறது.

வியாசர் பாரதத்தில் வத்சலா இல்லை. அங்கே அபிமன்யு மணப்பது விராடன் மகள் உத்தரையை. பிறகு பதின்மூன்றாம் நாள் போரில் சக்கரவியூகத்துக்குள் போகிறான், திரும்பவில்லை. அப்படிச் சாகப்போகும் பிள்ளைக்கு ஆசைப்பட்ட பெண்ணையும் ஒரு வயிறு நிறைந்த கல்யாணத்தையும் கொடுத்துப் பார்க்க நினைத்தவர்கள், ஏட்டைப் படித்தவர்களல்ல, கதை கேட்டவர்கள். ஆந்திர நாட்டார் அவளைச் சசிரேகா என்றார்கள். வடக்கே சுரேகா. தமிழில் வத்சலா. நம்முடைய பெரிய எழுத்துப் புத்தகங்களில் ‘அபிமன்னன் சுந்தரி மாலை’ என்று இன்னொரு காதல் கதை உண்டு. அங்கே பெண்ணின் பெயர் சுந்தரி.

விதை மட்டும் மூல நூலில் கிடக்கிறது. ஆதி பருவத்தில், கண்ணனின் யோசனைப்படி அருச்சுனன் சுபத்திரையைத் தேரில் ஏற்றிக்கொண்டு போகிறான். பலராமர் கொதிக்கிறார், கண்ணன் சமாதானம் சொல்கிறான். ஒரு தலைமுறை கழித்து அதே அண்ணன், அதே தம்பி, அதே களவு. தகப்பன் செய்ததை மகனுக்கும் செய்து பார்த்திருக்கிறார்கள் கதைசொல்லிகள். இந்த முறை தேரோட்டி மட்டும் போதவில்லை; ஒரு அரக்கன் தேவைப்பட்டான்.

சினிமாவும் இந்தக் கதையைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. 1921இல் பாபுராவ் பெயின்டர் ‘சுரேகா ஹரண்’ என்று மௌனப்படம் எடுத்தார்; பின்னாளில் பெரும் இயக்குநராகப் போகிற சாந்தாராம் அதில் கண்ணன். 1935இல் தமிழிலும் 1936இல் தெலுங்கிலும் பேசும் படமாக வந்தது. ஆக, விஜயா நிறுவனம் கையில் எடுத்தபோது கதை பழையது, தலைப்பும் பழையது. எல்லாருக்கும் முடிவு தெரியும்.

அந்த நிறுவனத்தை நடத்தியவர்கள் நாகி ரெட்டியும் சக்கரபாணியும். 1947இல் ‘அம்புலிமாமா’வைத் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அதே இருவர். மாயக்கதை எப்படிச் சொன்னால் பிள்ளையும் தாத்தாவும் ஒரே பாயில் இருந்து கேட்பார்கள் என்பது அவர்கள் மாதாமாதம் செய்து பார்த்த தொழில். அவர்களுடைய ‘பாதாள பைரவி’ 1951இல் தெலுங்கிலும் தமிழிலும் ஓடு ஓடென்று ஓடியது. 1952இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவிலும் காட்டப்பட்டது. மந்திரவாதியும் தோட்டக்காரன் மகனும் வருகிற படத்துக்குப் பெரியவர்களின் சபையில் நாற்காலி கிடைத்தது அப்போதுதான். அந்தப் படத்தை இயக்கிய கே.வி. ரெட்டி, எழுதிய பிங்கலி நாகேந்திர ராவ், ஒளிப்பதிவு செய்த மார்கஸ் பார்ட்லி மூவருமே ‘மாயா பஜாரு’க்கும் உட்கார்ந்தார்கள்.

பிங்கலி செய்த முதல் வேலை துணிச்சலானது. பாண்டவர் ஐவரையும் படத்திலிருந்து எடுத்துவிட்டார். படம் முழுக்க அவர்களைப் பற்றித்தான் பேச்சு. ஒருவர் கூடத் திரைக்கு வருவதில்லை. நாடிழந்தவர்கள் காட்டில் கிடக்கட்டும், நாம் கல்யாண வீட்டுக்குப் போவோம் என்று கதை துவாரகைக்கே வந்துவிடுகிறது. பாரதத்தின் கனமெல்லாம் கழன்று, சமையற்கட்டு, சீர்வரிசை, சம்பந்தி மரியாதை, பணத்தைக் கண்டதும் குணம் மாறும் மாமியார் என்று நமக்குத் தெரிந்த உலகம் மிச்சமாகிறது. அதற்குள் விட்ட பிறகு அரக்கன் கூட வீட்டுக்காரன்தான். படத்தில் இடும்பியும் கடோத்கஜனும் வந்தவர்களைத் தாங்குகிறார்கள், அரண்மனைக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள்.

கடோத்கஜனின் சீடப்பிள்ளைகள் வாய்க்கு வந்தபடி புதுச் சொற்களை உளறுவார்கள். ஆசான் திருத்தப் போக, கடோத்கஜன் தடுக்கிறான்: யாராவது உண்டாக்காமல் சொல் எப்படிப் பிறக்கும் என்பது அவன் கட்சி. தெலுங்கு வசனத்தில் ஒரு வேடிக்கையாக வந்து போகும் இந்த இடத்தில் படத்தின் உரிமைப்பத்திரம் இருக்கிறது. மூலத்தில் இல்லாத பெண்ணை, இல்லாத கல்யாணத்தை உண்டாக்கியவர்களுக்காக அரக்கன் வாதாடுகிறான்.

எழுதியதைக் காட்ட வேண்டுமே. கோகலேயும் கலாதரும் துவாரகையைக் குட்டி நகரமாகக் கட்டி, வீட்டுக்கு வீடு விளக்கேற்றினார்கள். தோணியில் காதலர் போகும் பாட்டுக்கு நிலவை உண்டாக்கியது பார்ட்லி. மட்டக்களப்பு வாவியில் முழுநிலாவன்று தோணி விட்டு, மீன் பாடுகிறதா என்று துடுப்பை நீரில் வைத்துக் காது கொடுத்தவர்களுக்கு நிலவைப் பற்றி யாரும் கதை விட முடியாது. அவர்களும் அந்தக் கறுப்பு வெள்ளை வெளிச்சத்தை நம்பினார்கள்.

பிறகு பந்தி. கடோத்கஜனாக எஸ்.வி. ரங்காராவ் ஆளே இல்லாத சமையற்கட்டில் நின்று தொடையைத் தட்டிச் சிரிக்கிறார். லட்டுகள் தாமாக எழும்பி வாய்க்குள் போகின்றன, அண்டாக்கள் காலியாகின்றன, ஆள் பெருத்துக்கொண்டே போகிறார். படச் சுருளை ஒவ்வொரு சட்டகமாக நிறுத்தி நிறுத்தி எடுத்த வேலை அது. தமிழில் ‘கல்யாண சமையல் சாதம்’ என்று தஞ்சை ராமையாதாஸ் எழுத, திருச்சி லோகநாதன் பாடினார். அந்தப் பாட்டின் சிரிப்பில், 1920களில் இங்கிலாந்தின் சார்ல்ஸ் பென்ரோஸ் பாடிய ‘சிரிக்கும் போலீஸ்காரன்’ இசைத்தட்டின் சாயலைக் காட்டுபவர்கள் உண்டு. லண்டன் போலீஸ்காரனின் சிரிப்பு ஆந்திர மேடை வழியாக வந்து அரக்கன் தொண்டையில் ஏறியிருந்தால், அதுவும் கடோத்கஜனுக்கு ஏற்ற மாயம்தான்.

நடிகர்களில் தயங்கியவர் என்.டி. ராமராவ். முன்னொரு படத்தில் கொஞ்ச நேரம் கண்ணனாக வந்து நல்ல பெயர் வாங்காததால், மறுபடி அந்த வேடமா என்று பின்வாங்கினார். கே.வி. ரெட்டி விடவில்லை. அதற்குப் பின் ஒரு தலைமுறைக்குக் கண்ணன் என்றால் அந்த முகம் என்றாகிவிட்டது. பார்வையாளர் ஒருமுறை தள்ளிய வேடத்தை, உடுப்பும் நடையும் திருத்தி அவர்களிடமே திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்த கதை இது.

ஆனால் கூத்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு விருந்து வைத்தவர் வத்சலாவாக வந்த சாவித்திரி. வத்சலாவை ஒளித்துவிட்டு, அவள் உருவில் கடோத்கஜனே மணப்பெண்ணாக உட்காருகிறான். சாவித்திரியின் உடம்பு, ரங்காராவின் திமிர். குனிந்த தலைக்குள் மீசை முறுக்குகிற ஒரு ஆள். மட்டக்களப்பு வட்டக்களரியில் ஆண்கள் பெண் வேடம் கட்டி ஆடியதைக் காலங்காலமாகப் பார்த்த சனம், இங்கே ஒரு பெண், பெண் வேடம் போட்ட ஆணாக ஆடுவதைப் பார்த்தது. மாப்பிள்ளையாக வந்து அவளிடம் மாட்டிக்கொண்டு முழிக்கும் லட்சுமணன் தமிழில் தங்கவேலு. எங்கள் மகிடிக் கூத்தில் மந்திரக்காரர் ஒருவரையொருவர் மடக்கும்போது வெடிக்கும் அதே சிரிப்பு.

1957 மார்ச் 27இல் தெலுங்கிலும், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஏப்ரல் 12இல் தமிழிலும் படம் வந்தது. இரண்டு மொழியிலும் வெற்றி. தமிழில் அபிமன்யு ஜெமினி கணேசன். ஆனாலும் தமிழில் படத்துக்குக் கிடைத்த மரியாதை ஒரு மாதிரி. ‘பராசக்தி’ 1952இல் வந்து, வசனமும் செய்தியும் படத்தின் எடையென்று பழக்கிவிட்ட காலம். சிரிக்க வைக்கும் மாயக்கதை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் படம் என்ற வரிசையில் நின்றது. பாட்டுகளை மட்டும் இலங்கை வானொலி வீட்டுக்கு வீடு கொண்டுவந்து சேர்த்தது. தெலுங்கர்கள் வசனத்தை மனப்பாடமாகச் சொன்னார்கள். 2010இல் படத்துக்கு வண்ணமும் ஏற்றினார்கள். 2013இல், இந்திய சினிமாவின் நூற்றாண்டையொட்டி சிஎன்என்-ஐபிஎன் நடத்திய வாக்கெடுப்பில் இந்தியாவின் தலைசிறந்த படமாக ‘மாயா பஜார்’ வந்தது. சபை எழுந்து நிற்க ஐம்பத்தாறு வருடம்.

இந்தத் தாமதம் எங்களுக்குப் பழக்கமானது. வேளாண்மை வெட்டி ஓய்ந்த காலத்தில், அண்ணாவியார் மத்தளத்தைத் தட்ட விடிய விடிய ஆடிய வடமோடியையும் தென்மோடியையும் படித்தவர்கள் பட்டிக்காட்டு ஆட்டம் என்று ஒதுக்கிய நாட்கள் இருந்தன. பேராசிரியர் வித்தியானந்தன் வந்து 1962இல் ‘அலங்காரரூபன்’ தென்மோடிக் கூத்தைப் பதிப்பித்தார். பேராதனையில் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ என்று மேடையேற்றினார். அப்போதுதான் கூத்து கலையென்று சபைக்குத் தெரிந்தது. களரியைச் சுற்றிப் பாய் போட்டு இருந்தவர்களுக்கு அது முன்பே தெரியும்.

அதே சனத்துக்குப் பாரதம் விளையாட்டுமில்லை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் சடங்கில் பாண்டவர் வனவாசம் போகிறார்கள், கடைசியில் தீக்குழி. அங்கே கைகூப்பி நிற்பவர்கள்தான் கடோத்கஜன் லட்டு விழுங்குவதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிப்பவர்கள். தீக்குழிக்கு ஐவர் வேண்டும். பந்திக்கு அரக்கன் போதும். இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ள அவர்களுக்கு எந்த விமர்சகரும் கற்றுத் தரவில்லை.

கரடியனாற்றுக் கிழவியிடம் கதையை முடித்துவிட்டு வாருங்கள். சகுனி சத்தியபீடத்தில் ஏறி, மறைத்ததையெல்லாம் தன் வாயாலேயே கொட்டியதைச் சொல்லுங்கள். வத்சலா அபிமன்யுவைக் கைப்பிடித்ததைச் சொல்லுங்கள். கல்யாணச் சமையலை அரக்கன் ஒருத்தனே தின்று தீர்த்தானே, மாப்பிள்ளை வீட்டார் பாவமில்லையா என்றும் கேட்டுப் பாருங்கள். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு இரண்டாம் தீர்ப்பும் வரும்.

“பட்டினியாப் போகட்டும் மனே. அடுத்தவன்ட முறைப் பொண்ணைக் கேட்டு வந்தவனுக்கு என்ன சோறு?”