கிரேட் காக்சுவெல் களஞ்சியம்

கிரேட் காக்சுவெல் களஞ்சியம் இங்கிலாந்தின் ஆக்சுபோர்டுசயர் மாவட்டத்தில், பாரிங்டன் நகருக்கு அருகில் உள்ள இடைக்காலத் தானியக் களஞ்சியம். மர வளைய ஆய்வின்படி இது சுமார் 1292ஆம் ஆண்டில் கட்டப்பட்டது.

பெயரும் உடைமையும்

இதைப் பலர் 'தசமபாகக் களஞ்சியம்' என்பர். அது சரியன்று. தசமபாகம் என்பது உழவர் தம் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குச் செலுத்திய வரி. இங்கே சேர்ந்ததோ, மடத்தின் சொந்த நிலத்தில் விளைந்த தானியம். 1203இல் ஜான் மன்னர் பாரிங்டன் பகுதி நிலங்களைச் சிஸ்டர்சியன் துறவியருக்கு வழங்கினார். அடுத்த ஆண்டு ஆம்ப்சயரில் பியூலி மடம் நிறுவப்பட்டதும் இந்நிலங்கள் அதன் பண்ணையாயின. அதாவது, இது வரி வாங்கியவரின் கிடங்கு அன்று. பெரிய நிலவுடைமையாளரின் கிடங்கு.

கட்டட அமைப்பு

களஞ்சியம் 152 அடி நீளமும் 44 அடி அகலமும் உடையது. கூரையின் உச்சி சுமார் 48 அடி உயரம். சுவர்கள் காட்சுவோல்டு சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. முட்டுச்சுவர்கள் அவற்றைத் தாங்குகின்றன. கூரையில் வேயப்பட்டிருப்பதும் கல் ஓடுகளே.

ஆனால் கூரையின் பெரும் பாரம் சுவர்களின் மேல் மட்டும் விழுவதில்லை. உள்ளே இரு வரிசைகளில் ஆறு இணை ஓக் மரத் தூண்கள் நின்று, உட்புறத்தை ஒரு நடுக்கூடமாகவும் இரு பக்கக் கூடங்களாகவும் பிரிக்கின்றன. ஒவ்வொரு தூணும் ஏறத்தாழ ஏழு அடி உயரக் கல் பீடத்தின் மேல் நிற்கிறது. இதனால் அடிமரத்தில் ஈரம் ஏறுவதில்லை. வண்டிகள் மோதினாலும் மரம் சேதமடைவதில்லை.

பழைய வாயில்கள் கிழக்கு, மேற்குப் பக்கங்களில் எதிரெதிராக அமைந்தவை. இவ்வகைக் களஞ்சியங்களில் வாயில்களுக்கு இடைப்பட்ட தளமே கதிரடிக்கும் களம். இரு கதவுகளையும் திறந்தால் வரும் காற்று பதரைப் பிரிக்கும். வடக்கு, தெற்குச் சுவர்களில் உள்ள பெரிய கதவுகள், பெரிய வண்டிகள் நுழைவதற்காகப் பிற்காலத்தில் திறக்கப்பட்டவை.

பிற்கால வரலாறு

1538இல் எட்டாம் என்றி மன்னரின் ஆட்சியில் பியூலி மடம் கலைக்கப்பட்டது. நிலம் தனியார் கைக்குப் போனது. மடத்தின் தேவாலயம் இடிக்கப்பட்டது, களஞ்சியமோ நின்றது. எந்த உடைமையாளருக்கும் தானியம் வைக்க இடம் தேவைப்பட்டதே காரணம். பின்னாளில், அருகிலுள்ள கெல்ம்சுகாட்டில் வாழ்ந்த எழுத்தாளர் வில்லியம் மோரிசு இக்கட்டடத்தைப் பெரிதும் போற்றினார். 1956 முதல் தேசிய அறக்கட்டளை இதைப் பராமரித்து வருகிறது.