பதற்றம், பிள்ளைகளின் (பச்சைமலை)

துறையூரை அடுத்த பச்சைமலையில் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் பலர் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். சிறு வயதிலேயே வீட்டைப் பிரிவது பதற்றத்துக்கு ஒரு வாயில். பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்வது அரிது. வயிற்றுவலி, தூக்கமின்மை, பள்ளிக்குப் போகமாட்டேன் என்ற அடம் என்றே அது தலைகாட்டும். ‘பிள்ளை பயந்திருக்கு’ என்று மந்திரித்துக் கயிறு கட்டுவது தமிழகத்து ஊர்வழக்கம். அதில் கிடைக்கும் ஆறுதலை இகழ வேண்டியதில்லை. அதோடு நின்றுவிடுவதுதான் பிழை. அஞ்சுவதை அடியோடு தவிர்க்கவிட்டால் அச்சம் வளரும். சிறுசிறு படியாக எதிர்கொள்ளப் பழக்குவதே மனநலச் சிகிச்சையில் முதன்மையான வழி. மூச்சை மெதுவாக விடப் பழக்கினால் படபடப்பு தணியும். பதற்றம் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.