பட்டணத்திலிருந்து பகாவுக்கு

1943 டிசம்பர் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து ஒரு கூட்டம் ரயிலேறி, கிம்மாஸில் கிழக்குக்கரைத் தடத்துக்குத் திரும்பி, நெகிரி செம்பிலானில் உள்ள பகாவில் வந்து இறங்கியது. கிராணிகள், பள்ளி ஆசிரியர்கள், அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள், அவர்களுடைய பெண்டு பிள்ளைகள். யூரேசியர்களும் சீனக் கத்தோலிக்கர்களும்தான் அதிகம். பட்டணத்துக்கு வெளியே இருந்த காட்டை வெட்டி அவர்களே ஓர் ஊரை உண்டாக்க வேண்டும். அந்த ஊருக்கு ஜப்பானியர் வைத்த பெயர் ஃபுஜி-கோ, அதாவது ஃபுஜி கிராமம். அதற்குப் பிறகு பலர் வந்து சேர்ந்தார்கள். மொத்தம் 2,000 முதல் 3,000 பேர் வரை என்பது பொதுவான கணக்கு. இருபது மாதத்தில் அவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் ஒத்த கருத்து கிடையாது. 300 என்பவர்களும் உண்டு, 1,500 என்பவர்களும் உண்டு.

300க்கும் 1,500க்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கிறது என்றால், சாவை எண்ணி எழுதிவைக்கக்கூட ஆளில்லாத இடமாக அது இருந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் சிவில் பொறியாளன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். வேலைக்காகக் கோலாலம்பூரை விட்டு பகாவ் பக்கம் வந்து இரண்டு வருடமாகிறது. வடிகால் வரைபடமும் மண் அறிக்கையும்தான் என் அன்றாடம். இந்த வரலாற்றை நான் பள்ளியில் கேட்டதில்லை. வீட்டிலும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் 'ஜப்பான்காரன் காலம்' என்றால் மரவள்ளிக்கிழங்கு, சாக்குத்துணி, சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒரு பெரிய தாத்தா. பகாவில் செத்தவர்கள் நம் ஆட்கள் இல்லை என்பதால் அது நம் காதுக்கு வரவேயில்லை. ஆனால் படிக்கப் படிக்க, இந்தக் கதைக்குள் நம் ஆட்களும் இருக்கிறார்கள் என்று தோன்றியது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். போருக்கு முன்பு மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வெளியிலிருந்து வாங்கியது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வரும். ரப்பரும் ஈயமும் விற்று அரிசி வாங்கித் தின்கிற பொருளாதாரம். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. சியோனான் என்று பெயர் மாறியது. கப்பல்கள் போருக்குப் போய்விட்டன. அரிசி பங்கீட்டுக்கு வந்து, பங்கீடும் குறைந்துகொண்டே போனது. பட்டணத்தில் வாய்கள் அதிகம், வயல் கிடையாது. 1943இல் ஜப்பானிய ராணுவம் எடுத்த முடிவு, ஜனங்களைப் பட்டணத்தை விட்டு வெளியே அனுப்புவது.

அந்த வேலை மாமோரு ஷினோசாக்கியின் கையில் வந்தது. விசித்திரமான ஆள். போருக்கு முன்பு சிங்கப்பூரில் ஜப்பானியத் தூதரக ஊழியர். 1940இல் உளவு பார்த்ததாகப் பிரிட்டிஷார் பிடித்துச் சாங்கி சிறையில் போட்டார்கள். சிங்கப்பூர் விழுந்ததும் வெளியே வந்து, பிறகு சமூக நலன் பார்க்கும் அதிகாரியானார். பலருடைய உயிரைக் காப்பாற்றியவர் என்று அவரைச் சொல்பவர்கள் உண்டு. தன் கதையை அவரே பின்னாளில் புத்தகமாகவும் எழுதினார். சீனர்களுக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் ஜொகூரில் உள்ள எண்டாவ். கத்தோலிக்கர்களுக்கும் யூரேசியர்களுக்கும் பகாவ். ஊரை நீங்களே நிர்வகித்துக்கொள்ளலாம், ராணுவம் தலையிடாது, விளைச்சல் வரும்வரை அரிசி வரும் என்பது எண்டாவுக்கு அவர் கொடுத்த வாக்கு.

இன்று உட்கார்ந்து யோசித்தால் அந்த அழைப்பு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும் என்று புரிகிறது. பட்டணத்தில் கெம்பெய்தாய் எந்த நேரத்தில் கதவைத் தட்டும் என்று தெரியாது. சீனர்கள் ஏற்கெனவே 1942இன் படுகொலையைப் பார்த்துவிட்டார்கள். யூரேசியர்களை வெள்ளைக்காரன் ஆள் என்று சந்தேகப்பட்டார்கள். அப்படியிருக்கையில் ஒருவர் வந்து, கொஞ்ச தூரத்தில் ஒரு கம்பம் இருக்கிறது, அமைதியாக இருக்கும், உன் சாப்பாட்டை நீயே விளைவித்துக்கொள்ளலாம், ஜப்பான்காரன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்றால் யார்தான் போகமாட்டார்? கட்டாயம், விருப்பம் இரண்டும் கலந்த பயணம் அது.

மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயர் அட்ரியான் டெவல்ஸ் தன் மக்களோடு தானும் பகாவ் வந்தார். பிரெஞ்சுக்காரர். அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கவில்லை. மண்வெட்டி பிடித்தார். அந்த வேலையில் காலில் பட்ட காயம் முற்றி 1945 ஜனவரியில் இறந்துபோனார். இந்த ஒரு சாவைத்தான் பகாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது மலேரியாவும் பட்டினியும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று இருக்கிறது. நகரத்து ஆட்கள், நாற்காலியில் உட்கார்ந்து பேனா பிடித்தவர்கள், அவர்களுக்குக் காட்டு வேலை ஒத்துவரவில்லை என்பது. பகாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நான் இந்தப் பேச்சை எடுத்தபோது ஒரு பெரியவரும் அதையேதான் சொன்னார். "டவுன் ஆளுங்க தம்பி. உடம்பு வளையாது. அதான் போய்ட்டாங்க."

இதை என்னால் ஏற்க முடியவில்லை. உடம்பு வளைகிறவர்களும் இதே மாதிரி மண்ணில், இதே காய்ச்சலில், இதற்கு முப்பது நாற்பது வருடம் முன்பு கூட்டம் கூட்டமாகச் செத்திருக்கிறார்கள். அவர்கள் நம் ஆட்கள். தமிழ்நாட்டு விவசாயக் கூலிகள். பிறந்ததிலிருந்து மண்ணோடு புழங்கியவர்கள். ரப்பருக்காக மலாயாவின் காடுகள் திறக்கப்பட்ட அந்த முதல் வருடங்களில், புதுத் தோட்டம் என்றாலே காய்ச்சல் என்றுதான் பொருள். உழைப்புக்குப் பழகிய உடம்பைக் கொசு விட்டுவைக்கவில்லை.

இங்கே மால்கம் வாட்சன் என்ற மருத்துவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1901இல் அவர் கிள்ளானில் அரசாங்க வைத்தியர். அந்த வருடம்தான் போர்ட் சுவெட்டன்ஹாம், இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது. திறந்த கையோடு மலேரியா பரவி, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று யோசிக்கும் நிலை வந்தது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்து அப்போது நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. வாட்சன் சதுப்பை வடித்தார், சுற்றியிருந்த காட்டை வெட்டினார். காய்ச்சல் சட்டென்று குறைந்தது. உலகத்தில் இந்த முறை வெற்றி கண்ட முதல் இடங்களில் கிள்ளானும் ஒன்று.

அடுத்து நடந்ததுதான் என் தொழில்காரனுக்கு முக்கியமான பாடம். கரையோரத்தில் வேலை செய்த அதே வைத்தியத்தை மேட்டு நிலத் தோட்டங்களில் செய்து பார்த்தபோது அது பலிக்கவில்லை. காட்டை வெட்டியபின் காய்ச்சல் கூடியது. காரணம், கொசு வேறு. கரையோரச் சதுப்பில் இருந்தது நிழலை விரும்பும் இனம். குன்றடி நிலத்தில் இருந்தது அனோஃபிலிஸ் மேக்குலேட்டஸ். அது வெயில் படுகிற தெளிந்த நீரில், சின்ன ஓடையில், ஊற்றுக் கசிவில் முட்டையிடும். மரநிழல் இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும். மரத்தை வெட்டி ஓடையில் வெயில் விழவைத்தால், நாமே அதற்கு வீடு கட்டிக்கொடுத்த மாதிரி. ஆகவே குன்றடியில் ஓடைகளைக் குழாய் போட்டு மண்ணுக்கடியில் இறக்கினார்கள். முடியாத இடத்தில் நீர்மேல் எண்ணெய் தெளித்தார்கள். வாட்சன் 1911இல் இதைப் பற்றிப் புத்தகமே போட்டார்.

குழாய் போட்டவரின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. குழி வெட்டியவர் பெயர் இல்லை. லோங்கான் வெட்டியதும், எண்ணெய் டின்னை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடை ஓடையாகப் போய்த் தெளித்ததும் தோட்டத்துக் கூலிகள்தான். அவர்களுக்கு அனோஃபிலிஸ் என்ற சொல் தெரிந்திருக்காது. எந்த ஓடையை இந்த வாரம் விட்டால் அடுத்து எந்த லயத்தில் காய்ச்சல் வரும் என்பது தெரிந்திருக்கும்.

இப்போது பகாவுக்குத் திரும்பினால் கதை வேறு மாதிரி தெரிகிறது. பகாவ் உள்நாடு. மேடும் பள்ளமும் இடையிடையே ஓடைகளுமான நிலம். அதில் பட்டணத்திலிருந்து வந்தவர்கள் கையில் கிடைத்த கருவியை வைத்துக்கொண்டு காட்டை வெட்டினார்கள். குடிசை போட வேண்டும், கிழங்கு நட வேண்டும், வெட்டாமல் எப்படி? வெட்ட வெட்ட ஓடையில் வெயில் விழுந்திருக்கும். வாட்சன் முப்பது வருடம் முன்பு எச்சரித்ததைத்தான் செய்யும்படி அவர்கள் வைக்கப்பட்டார்கள் என்பது என் ஊகம். குழாய் கிடையாது. எண்ணெய் கிடையாது. போர்க்காலத்தில் எண்ணெயைக் கொண்டுபோய் ஓடையில் ஊற்ற யார் விடுவார்கள்?

மருந்தாவது இருந்ததா? உலகத்தின் கொய்னாவில் பத்தில் ஒன்பது பங்கு அப்போது ஜாவாவில் விளைந்த சிங்கோனா மரப்பட்டையிலிருந்து வந்தது. அந்த ஜாவா 1942 மார்ச்சிலேயே ஜப்பானியர் கைக்கு வந்துவிட்டது. மருந்து இல்லாத நாடு ஒன்றும் அவர்களை ஆளவில்லை. உலகத்தின் மருந்துத் தோட்டத்தையே கையில் வைத்திருந்தவர்களின் ஆட்சியில்தான் ஃபுஜி கிராமத்துக்காரர்கள் கொய்னா போதாமல் செத்தார்கள். ராணுவம் முதலில், குடியேறிகள் கடைசியில்.

எண்டாவ் இவ்வளவு மோசமாகப் போகவில்லை. அது ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய தாழ்நிலம். பின்னால் டாக்டர் லிம் பூன் கெங்கின் தலைமையில் இருந்த சீனர் சங்கமும் அதன் பணமும் இருந்தன. ஒரு வருடத்தில் சுமார் 12,000 பேர் அங்கே சேர்ந்தார்கள். அங்கேயும் ரத்தம் சிந்தியது, ஆனால் அது காட்டிலிருந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையின் தாக்குதலால். எண்டாவுக்குப் போனவர்களும் பட்டணத்து ஆட்கள்தான். ஆகவே 'டவுன் ஆளுங்க, அதான்' என்ற விளக்கம் இங்கேயே உடைந்துவிடுகிறது. ஆள் ஒன்று, நிலம் வேறு, பின்பலம் வேறு.

இதில் எனக்கு ஆறாத இடம் ஒன்று உண்டு. பகாவில் கிராணிகள் வந்து இறங்கிய அதே 1943இல், மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ரயிலில் ஏற்றிச் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். லோங்கான் வெட்டத் தெரிந்தவன், ஓடையைப் பார்த்ததும் காய்ச்சலைச் சொல்லக்கூடியவன், அவனை வடக்கே ஏற்றிவிட்டு, பேனா பிடித்தவனைத் தெற்கிலிருந்து கொண்டுவந்து காட்டில் இறக்கினார்கள். இரண்டு பேரையும் கணக்கில் வாய்களாகவும் கைகளாகவும் மட்டும் பார்த்தார்கள். கொசுவை அறிந்த அந்தத் தோட்டக்காரனும் சயாமில் மலேரியாவிலும் காலராவிலும்தான் செத்தான். அறிவு மட்டும் இருந்தால் போதாது, அதைச் செய்ய அனுமதியும் பொருளும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1945 செப்டம்பரில் போர் முடிந்ததும் பகாவில் மிஞ்சியவர்கள் சிங்கப்பூருக்குத் திரும்பினார்கள். ஊர் என்று ஒன்று அங்கே மிஞ்சவில்லை. இன்று பகாவைச் சுற்றிச் செம்பனைதான் கண்ணுக்கெட்டும் மட்டும்.

இதெல்லாம் பழைய கதை என்று சொல்லிவிட முடியவில்லை. கோவிட்டுக்குப் பிறகு என் வயதுக்காரர்களிடம் ஒரு பேச்சு அடிக்கடி வருகிறது. கேஎல்லில் ஜாம், வாடகை, மூச்சு முட்டுது, எங்கயாவது கம்பத்துல ஒரு துண்டு நிலம் வாங்கிப் போய்டலாம், அமைதியா இருக்கும். நான் பகாவ் வந்ததைக்கூட அந்தக் கணக்கில் வைத்து ஒரு நண்பன் பொறாமைப்பட்டான். அம்மாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "தோட்டத்த விட்டு நாங்க வெளிய வர எத்தன வருசம் ஆச்சு. நீ என்னடான்னா படிச்சிட்டு அங்கயே போற." அம்மாவுக்குக் கிராமம் என்றால் அமைதி ஞாபகம் வருவதில்லை. பொதுக் குழாயடியில் வரிசை, விடியுமுன் பிரட்டுக்கு ஓட்டம், காய்ச்சலோடு பால்மரம் வெட்டப் போன அவருடைய அப்பா ஞாபகம் வருகிறது.

நான் கிராமத்துக்கு எதிரி இல்லை. இங்கே எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நாம் அமைதி என்று சொல்வது தானாக முளைத்ததில்லை. நான் இரவில் சன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறேன் என்றால், பல பத்தாண்டுகளாக இந்த மண்ணில் ஆட்கள் ஓடைகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று பொருள். மனிதர்களுக்கிடையே பரவும் மலேரியா மலேசியாவில் 2018இலிருந்து உள்ளூரில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. குரங்கிடமிருந்து வரும் வகை இன்னும் இருக்கிறது. அந்தப் பூஜ்யம் எத்தனை பேர் வெட்டிய லோங்கான், எத்தனை பேர் தெளித்த மருந்து, எத்தனை சின்ன கிளினிக்குகள் என்பதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

பட்டணத்தில் இந்த வேலையை யாரோ செய்கிறார்கள் என்பது நம் கண்ணுக்குப் படுவதில்லை, பில் மட்டும் வருகிறது. கிராமத்துக்குப் போகிறவன் அந்த வேலையே அங்கே தேவையில்லை என்று நினைத்துக்கொள்கிறான். ஃபுஜி கிராமத்துக்காரர்களுக்கு அப்படி நினைக்கக்கூட வழி இருக்கவில்லை. அவர்களைக் கொண்டுவந்து இறக்கியவர்கள் அவர்களுக்காக நினைத்தார்கள். நிலம் கொடுத்தால் போதும், ஊர் தானாக வரும் என்று.

அடுத்த முறை யாராவது நிலம் பார்க்கப் போனால், காற்று எப்படி, காட்சி எப்படி என்று கேட்பதற்கு முன்பு மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். பிறகு, அதைப் போகவைப்பது யார் என்றும் கேளுங்கள்.