மீனம்பாக்கத்தின் கைமொழி

1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாடா பம்பாய்க்குக் கொண்டுவந்த அஞ்சலை, அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குச் சேர்த்தார். அந்தச் சிறு விமானங்களில் வானொலி கிடையாது. தரையில் நிற்பவர் விமானியிடம் ஏதேனும் சொல்ல வேண்டுமானால் கைதான் பேச வேண்டும்.

1954இல் சென்னை மீனம்பாக்கத்தில் பயணியர் முனையம் எழுந்தது. 1989இல் அருகிலுள்ள திரிசூலத்தில் பன்னாட்டு முனையம் வந்தபோது வானொலி எல்லா விமானங்களிலும் இருந்தது; ஆனாலும் கைமொழி போகவில்லை.

காரணம் எளிது. பெரிய விமானத்தின் விமானிக்குத் தன் இறக்கை நுனியோ, காலடியில் உள்ள சக்கரமோ தெரியாது. முன்னே நிற்கும் மார்ஷலர்தான் அவருடைய கண். முழங்கையை மடக்கி, கையிலுள்ள கோல்களை மார்பிலிருந்து தலைவரை அசைத்தால் 'நேரே வா'. தலைக்குமேல் குறுக்காக வைத்தால் 'நில்'. நின்றபின் கோல்முனைகளை உள்நோக்கிக் குத்திக் காட்டினால், சக்கரத்துக்குக் கட்டை வைத்தாயிற்று. பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளில் இவை இருப்பதால், கொழும்பு விமானிக்கும் திரிசூலத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை.

இன்று பல வாயில்களில் மின்பலகையே விமானியை வழிநடத்துகிறது. அது பழுதானால் மறுபடியும் மனிதர்தான்.

இந்த வேலையின் ஆபத்தை நாம் போதிய அளவு உணரவில்லை. 2015 டிசம்பர் 16 அன்று மும்பையில், புறப்பட்டுக்கொண்டிருந்த விமானத்தின் எஞ்சின் ஒரு தரைப் பணியாளரை உள்ளிழுத்துக் கொன்றது. சைகை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதே காரணம் என்றார்கள்.

விமானம் முழுதாக நிற்கும்வரை இருக்கைப் பட்டையைக் கழற்றாதீர்கள். வெளியே ஒருவர் இன்னும் வேலையில் இருக்கிறார்.