கருடாவும் வைரியும்: கொங்கு நாட்டின் போர்க்கால வான்தளங்கள்

கொங்கு நாட்டின் போர் நினைவு பெரும்பாலும் பாளையக்காரர் காலத்தோடு நின்றுவிடுகிறது. தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்ட சங்ககிரிக் கோட்டையும், அவர் கோட்டை கட்டி வாழ்ந்த ஓடாநிலையும் மக்கள் மனத்தில் நிலைபெற்றிருக்க, இரண்டாம் உலகப் போரின்போது பீளமேட்டிலும் சூலூரிலும் இயங்கிய பிரித்தானியக் கடற்படையின் வான்தளங்கள் மரபுச் சின்னங்களாக எண்ணப்படுவதே இல்லை.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கி, 'ஹெர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அருகே மூழ்கடித்தன. அதே ஆண்டு அக்டோபரில், கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள கோயம்புத்தூரின் பீளமேட்டில், கடற்படை விமானங்களைப் பழுதுபார்க்கும் தளம் 'எச்.எம்.எஸ். கருடா' என்ற பெயரில் தொடங்கப்பட்டது. கரையிலுள்ள தளத்துக்கும் கப்பலுக்குரிய முன்னொட்டு சூட்டுவதும், வான்தளமாயின் பறவைப் பெயர் இடுவதும் அக்கடற்படையின் வழக்கம். சூலூர்த் தளம் 1945இல் 'வைரி' ஆனதும் அவ்வாறே. கப்பலின் குறுகிய தளத்தில் இறங்கும் விமானம் வால்கொக்கியால் குறுக்குக் கம்பியைப் பற்றி நொடிப்பொழுதில் நிற்க வேண்டியிருப்பதால், அதன் சக்கரத் தாங்கியும் உடற்சட்டமும் ஓயாமல் அடிபடும். அவற்றைச் சீர்செய்யத் தேர்ந்த கைகள் வேண்டும். பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரமும், பஞ்சாலைகளை ஒட்டி வளர்ந்த வார்ப்படப் பட்டறைகளும், பாலக்காட்டுக் கணவாய் வழியே கொச்சிக்குச் செல்லும் இருப்புப்பாதையும் ஒருங்கே அமைந்த ஊரில் இத்தளம் எழுந்ததைத் தற்செயல் எனக் கொள்வது கடினம். ஆகவே இது அந்நியப் படையின் வரலாறு மட்டுமன்று. இவ்வட்டாரத் தொழில் வரலாற்றின் விடுபட்ட இயலும் ஆகும்.

போர்க்காலத் தளங்கள் போருக்குப் பின் எவ்வாறு எஞ்சுகின்றன என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். 1943இல் ஜெர்மானியர் கைப்பற்றிய கிரேக்கத் தீவான லேரோசில், இத்தாலியர் அமைத்த பீரங்கி மேடைகள் படையினர் நீங்கியபின் சிதைவுகளாய் எஞ்சின. குடைந்த சுரங்கமொன்று இன்று போர் அருங்காட்சியகமாக உள்ளது. கொங்கு நாட்டில் நிலைமை நேர்மாறானது. பீளமேடு பொது விமான நிலையமாயிற்று. சூலூரில் 1961இல் இந்தியக் கடற்படையின் 'ஹன்சா' தளம் தொடங்கப்பெற்று 1964இல் கோவாவுக்கு இடம்பெயர, இன்று அது விமானப் படையின் தளமாக உள்ளது. தொடர்ந்த பயன்பாடு ஓடுதளத்தைக் காக்கும். பழைய கொட்டகையையோ பட்டறையையோ காக்கும் என்பதற்கு உறுதியில்லை. தேவைக்கேற்ப இடித்துக் கட்டுவதே பயன்பாட்டின் இயல்பு.

சட்டமும் இங்குத் துணைநிற்பதில்லை. 1958ஆம் ஆண்டின் மத்தியத் தொல்சின்னச் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத பழமையைக் கோருவதால், 1942இல் எழுந்த கட்டடம் 2042 வரை அதன் வரம்புக்குள் வாராது. விமான நிலைய விரிவாக்கம் முன்னெடுக்கப்படும் இந்நாளில் அதுவரை காத்திருப்பது பொறுப்பற்ற செயலாகும். படைத்தளத்தைப் பொதுமக்களுக்குத் திறக்க இயலாது என்பது நியாயமே. ஆயினும் எஞ்சியுள்ள கட்டுமானங்களை அளந்து வரைந்து பதிவுசெய்வதற்கும், அங்கு வேலைசெய்த தொழிலாளர் குடும்பங்களிடமுள்ள படங்களையும் தாள்களையும் படியெடுப்பதற்கும், இவற்றைப் பிரித்தானிய ஆவணங்களோடு ஒப்பிடுவதற்கும் அந்த நூறாண்டு வரம்பு தடையாகாது. கோவையின் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளும் கட்டடக்கலைக் கல்லூரிகளும் இப்பணியை விமானப் படையின் இசைவோடு உடனே தொடங்க வேண்டும்.